தேயிலைப் பெட்டியும் நான்கு தந்தியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஆண்டு முடிவில் பாடசாலைகளில் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். "பாவனைக்கு உதவாதவை" என்ற நிரலில் முதலில் போய் விழுவது பெரும்பாலும் இசைக்கருவிகள்தான். தோல் கிழிந்த மேளம், தந்தி அறுந்த கிட்டார், இரைச்சல் போடும் அம்ப்ளிபயர். ஒரு கையொப்பத்தோடு அவற்றின் கதை முடிந்துவிடும். ஒரு கருவி உண்மையில் எப்போது உதவாததாகிறது? எங்கள் சப்ரகமுவ மலைகளோடு உறவுள்ள ஒரு கருவியை வைத்து இதைப் பார்ப்போம். அது பாஸ்.

பாஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு தந்தி. மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவைதான் அதிரும். மேடையில் அதை வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் கையை எடுத்தால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். இன்று நாம் காணும் மின் பாஸ் கிட்டாருக்கு வழிகாட்டியது 1951இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ். அதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, திருத்தத் தெரியும். அதனால்தான் பழுதானால் கழற்றி மாற்றக்கூடிய விதமாக அந்தக் கருவியைச் செய்தார். கழுத்தைக்கூட ஆணி கழற்றி வேறாக்கலாம்.

அது பணமுள்ளவர்களின் கருவி. 1950களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இசைக்குழு ஆசை வந்தபோது கையில் காசு இல்லை. 'ஸ்கிஃபிள்' என்ற எளிய இசை அப்போது அங்கே பரவியது. அவர்கள் பாஸுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தேயிலை வந்த பலகைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். நடுவில் துளை போட்டு ஒரு கயிற்றை உள்ளே முடிச்சிட்டார்கள். மறு முனையைத் தும்புத்தடியின் உச்சியில் கட்டி, தடியின் அடியைப் பெட்டி ஓரத்தில் ஊன்றினார்கள். தடியைப் பின்னுக்கு இழுத்தால் கயிறு இறுகிச் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வெற்றுப் பெட்டி அந்தச் சத்தத்தை வாங்கிப் பெருக்கும். ஆங்கிலத்தில் இதன் பெயரே 'தேயிலைப் பெட்டி பாஸ்'தான்.

1957 ஜூலை 6ஆம் திகதி லிவர்பூலில் ஒரு தேவாலய விழாவில் ஜோன் லெனனின் குவாரிமென் குழு வாசித்தது. பாஸ் இடத்தில் இருந்தது ஒரு தேயிலைப் பெட்டி. அன்றுதான் லெனனும் போல் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். பிறகு அவர்கள் பீட்டில்ஸ் ஆனார்கள். அது உலகம் அறிந்த கதை.

அந்தப் பெட்டி எங்கே இருந்து போனது? எல்லாம் இலங்கைப் பெட்டி என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தியாவும் கிழக்கு ஆபிரிக்காவும் தேயிலை அனுப்பின. ஆனாலும் அப்போதே இலங்கை உலகின் முன்னணித் தேயிலை ஏற்றுமதியாளர்களில் ஒன்று. 1965இல் முதலிடத்துக்கே வந்தது. இரத்தினபுரி, பலாங்கொடை, தெஹியோவிட்ட மலைகளில் கிள்ளிய கொழுந்தும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் கப்பலேறியது. அதே ஆண்டுகளில் கொழுந்து கிள்ளிய மக்களின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக இருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குப் போக வழி இருந்தது, அதை நிரப்பியவருக்கு அடையாள அட்டை இல்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கும்போது நாங்கள் இந்த இடத்தில் நின்றுதான் போகிறோம்.

சரி, தோட்டத்தின் சொந்தக் கருவி எது? தப்பு. விடியுமுன் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு ஆட்களை அழைத்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிதை நூலிலும் அந்தப் பறைச் சத்தம் வருகிறது. அதே தப்புதான் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் போனது. துரைக்கு அது மணிக்கூடு, மக்களுக்கு அது வாழ்க்கை. ஆனால் அதை அடித்தவர்கள் மேல் சாதி இழிவு சுமத்தப்பட்டது. அதனால் "எங்கள் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்று பல குடும்பங்கள் அதைக் கைவிட்டன. அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

தப்புக்கு ஒரு பராமரிப்பு உண்டு. மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலோ கடதாசியோ கொளுத்தி, அந்தச் சூட்டில் காட்டினால் தோல் இறுகிச் சத்தம் திரும்ப எழும். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் என்பது அடிப்பவரின் கைக்குத்தான் தெரியும். சித்திரைப் புத்தாண்டில் சிங்களப் பெண்கள் சுற்றியிருந்து அடிக்கும் பெரிய றபானுக்குக் கீழேயும் தணல் சட்டி இருக்கும். கூரகலை ஜெய்லானிக்கு வரும் பாவாமார் கையில் இருப்பதும் தோல் கருவியே. மூன்று சமூகத்துக்கும் ஒரே மழை, தோலுக்கும் ஒரே குணம்.

பிறகு மின் கருவிகள் வந்தன. எங்கள் இரத்தினபுரிக்கு இதில் பெருமையான இடம் உண்டு. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவனவோடு சேர்ந்து 1966இல் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்கள இசைக்குள் மின் கிட்டாரை நிலைநிறுத்தியது. தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் இசையும் வானொலி வழியாக லயம் வரை போனது. ஆனால் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு மிக இறுக்கமாக இருந்தது. வெளிநாட்டுத் தந்தியும் வால்வும் நினைத்தபோது கிடைக்கவில்லை. அறுந்தால் எறியும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருக்க முடியாது. 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, கசற் வந்தது, திருத்துவதை விடப் புதிது வாங்குவது சுகம் என்றானது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது அந்தச் சுகம் எவ்வளவு தற்காலிகமானது என்று எல்லோரும் கண்டோம்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2003, 2017 மே மாத வெள்ளங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஈரம் கருவிக்கு என்ன செய்யும்? பாஸ் கிட்டாரின் மரக்கழுத்து வளையும். அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சிறு சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நேராக்கலாம். வொலியூம் குமிழ் கரகரக்கும். பெரும்பாலும் உள்ளே அழுக்கும் துருவும்தான், துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்துத் திருப்பினால் தீரும். தந்தியில் வியர்வையும் எண்ணெயும் படிந்து ஓசை மங்கும். கழற்றிக் கொதிநீரில் போட்டுத் துடைத்துக் காயவைத்தால் சில நாளைக்கு உயிர் வரும். அம்ப்ளிபயர் ஊமென்று முனகினால் காய்ந்துபோன கப்பாசிட்டராக இருக்கலாம். அதைத் தெரிந்தவரிடமே கொடுங்கள், உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். இவற்றில் எதுவும் கருவியின் சாவு அல்ல.

பழசு என்றாலே கெட்டது என்றும் இல்லை. மோட்டவுன் பாடல்களின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962இல் செய்யப்பட்ட ஒரே பிரிசிஷன் பாஸைத்தான் பெரும்பாலும் வாசித்தார். தந்திகளை அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. அந்த மங்கிய தடித்த ஓசையை இன்று வரை உலகம் தேடுகிறது. மெக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கிய ஹொஃப்னர் பாஸ் 1972இல் களவு போனது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுத்தார்கள். 2024 பெப்ரவரியில் அது அவரிடம் திரும்பிய செய்தி வந்தது. வாசிக்க முடியாத நிலையில்தான் கிடைத்தது. யாரும் அதை "உதவாதவை" நிரலில் எழுதவில்லை, திருத்தக் கொடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்துத் தப்பை எத்தனை பேர் தேடினோம்? தேயிலைப் பலகைப் பெட்டியே இப்போது கண்ணில் படுவதில்லை, கடதாசிப் பைகள் வந்துவிட்டன. ஒரு சமூகத்தின் பாடல்களை ஏட்டில் எழுதி வைக்கலாம். அதன் ஓசையை எழுதி வைக்க முடியாது. அது கருவியிலும் அதைச் சூடு காட்டத் தெரிந்த கையிலும்தான் இருக்கிறது. 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டுகளை விடிய விடிய எழுப்பிய கருவி ஒன்றாவது ஒவ்வொரு பாடசாலையிலும் அடிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களே, பட்டியலில் கையெழுத்து வைக்குமுன் மூன்று வேலை செய்யுங்கள். கருவியைப் படம் எடுத்து, எப்போது, யாரால் வந்தது என்று எழுதுங்கள். ஊரில் அதை வாசித்த மூத்தவரை ஒரு நாள் பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகள் முன்னால் மரியாதையோடு கதிரை போட்டு உட்கார வையுங்கள். திருத்த எவ்வளவு செலவாகும் என்று ஒருவரிடமாவது கேளுங்கள். அதன் பிறகும் முடியாது என்றால் எழுதுங்கள்.

உங்கள் தோட்டத்தில், வீட்டில், பள்ளிவாசலில், கோயிலில் பழைய கருவி இருந்தால் கீழே படத்தோடு பதிவிடுங்கள். தப்புக்குச் சூடு காட்டத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளோடு நாங்கள் வருகிறோம்.