களிமண்மேல் நின்ற மில்

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்துக்கு அடியில் இருப்பது களிமண். அங்கே காம்லஸ்டாடன் பகுதியில் ஒரு பெரிய துணி மில் இருந்தது. 1900 வாக்கில் பெரும்பாலான மில்களில் தறிக்குத் தறி மோட்டார் கிடையாது. கூரைக்குக் கீழே நீளமாக லைன் ஷாஃப்ட் ஓடும். அதில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு தோல் பெல்ட் இறங்கி ஒரு இயந்திரத்தைச் சுற்றும். களிமண் ஒரு பக்கம் இறங்கினால் தூண் சாயும். தூணில் மாட்டிய பேரிங்கும் கூடவே சாயும். ஷாஃப்ட் மட்டும் சாயாமல் தன் வழியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கோயம்புத்தூர் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தே தலை நரைத்தவன் நான். சாதாரண பால் பேரிங் பாரத்தைத் தாங்கும், வேகத்தைத் தாங்கும், கோணலை மட்டும் தாங்காது. நாம் அன்றாடம் மாட்டும் டீப் குரூவ் பேரிங்கில், உள் வளையத்திலும் வெளி வளையத்திலும் குண்டைவிட ஒரு நூலிழை பெரிய பள்ளம்தான் வெட்டியிருக்கும். உள் வளையம் லேசாகச் சாய்ந்தாலும் குண்டுகள் பள்ளத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறி ஓடும். ஒரு குண்டு முந்தும், இன்னொன்று பிந்தும். குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கேஜ் இரண்டு பக்கமும் இழுபட்டு உடையும். முதலில் சூடு, பிறகு சத்தம், பிறகு ஷிஃப்டே நிற்கும்.

காம்லஸ்டாடன் மில்லிலும் இதுதான் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பேரிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாற்றுச் சாமான் வந்து சேர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மில்லின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். 1876-ல் பிறந்தவர், துணித்தொழில் படித்தவர். மண்ணை நிறுத்த முடியாது என்பது அவருக்குப் புரிந்துபோயிற்று. சாய்ந்தாலும் ஓடுகிற பேரிங் வேண்டும். வெளி வளையத்தின் உள்முகத்தில் பள்ளமே வெட்டாமல், அதை ஒரு பெரிய கோளத்தின் துண்டாகக் கடைந்தார். உள் வளையத்தில் இரண்டு வரிசைப் பள்ளம், இரண்டு வரிசைக் குண்டு. ஆட்டுரலில் குழவி எப்படிச் சாய்ந்தாலும் குழியோடு ஒட்டியே உருள்வதுபோல, உள் வளையமும் குண்டுகளும் சேர்ந்து வெளி வளையத்துக்குள் சாய்ந்துகொள்ளும். இதுதான் செல்ஃப் அலைனிங் பேரிங். 1907 பிப்ரவரி 16 அன்று எஸ்.கே.எஃப். கம்பெனி தொடங்கியது, மில் முதலாளிகளே பணம் போட்டார்கள்.

பேரிங் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லியோனார்டோ டாவின்சியின் வரைபடத்திலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வேல்ஸின் கார்மார்தன் ஊர் இரும்புத் தொழிற்காரர் பிலிப் வான், வண்டி அச்சுக்குள் குண்டுகளை ஓடவிட்டு 1794-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தொழில் நிமிரவில்லை. குண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். ஒன்று தலைமுடி அளவு பெருத்தாலும் மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும். மற்றவை சும்மா கூட ஓடும்.

அந்தச் சிக்கலை அவிழ்க்கச் சொல்லித் துரத்தியது சைக்கிள். 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். அவர் வண்டியில் ஷூல் சூரிரே என்ற பாரிஸ் மெக்கானிக்கின் பால் பேரிங் இருந்தது. பிறகு எல்லோருக்கும் குண்டு வேண்டியிருந்தது. 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாக, ஒரே உருண்டையாக அரைத்துத் தள்ளும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். இந்தத் தொழிலில் யாருக்காவது சிலை வைப்பதென்றால் என் ஓட்டு இவருக்கே. நம் ஊர் சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்கு இரண்டு நூல் பால்ஸ், முன்சக்கரத்துக்கு ஒன்றரை நூல் பால்ஸ் என்று எண்ணிப் போடுகிறார்களே, எடுத்த குண்டு எதுவானாலும் பொருந்தும் என்ற அந்த நம்பிக்கை ஃபிஷரின் இயந்திரம் கொடுத்தது.

மற்ற வகைகளும் இப்படித்தான் யாரோ ஒருவரின் தலைவலியில் பிறந்தன. அமெரிக்காவில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கனுக்குத் திருப்பங்கள் தலைவலி. வண்டி திரும்பும்போது அச்சு பக்கவாட்டிலும் தள்ளும். 1898-ல் அவர் பெற்ற காப்புரிமை கூம்பு உருளை பேரிங்குக்கு. மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத் தள்ளலையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும் அது இன்றும் லாரிச் சக்கரத்தில் இருக்கிறது. நேராக அச்சின் வழியே மட்டும் பாரம் வந்தால், கிரேன் கொக்கி மாதிரி, அதற்குத் திரஸ்ட் பேரிங்: இரண்டு தட்டு, நடுவில் குண்டு.

விங்க்விஸ்டின் பேரிங்கும் இலவசமாகச் சாயவில்லை. 6205 டீப் குரூவும் 1205 செல்ஃப் அலைனிங்கும் அளவில் ஒன்றே: துளை 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு வந்துவிடும் என்பதால், இங்கிலீஷ் தெரியாத ஸ்டோர் ஆட்களும் தவறாமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் 1205-ன் வெளி வளையம் குண்டை அணைத்துப் பிடிப்பதில்லை. தொடும் இடம் சின்னது. நின்ற இடத்தில் தாங்கும் பாரம் 6205-ல் ஏறக்குறைய பாதிதான். பக்கத் தள்ளலுக்கும் அது சோப்ளாங்கி. கனத்த பாரத்தோடு சாய்வும் வேண்டும் என்றபோது, அதே கம்பெனியின் ஆர்விட் பால்ம்கிரென் 1919-ல் குண்டுக்குப் பதில் பீப்பாய் வடிவ உருளைகளைப் போட்டார்.

ஃபிஷரின் ஊரில் அவரைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பேரிங் தொழிற்சாலைகள் முளைத்தன. 1929-ல் அவற்றில் சிலவற்றை ஸ்வீடனின் எஸ்.கே.எஃப்.பே வாங்கி ஒன்றாக்கியது. பேரிங் இல்லாமல் டாங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது. அதனால் இரண்டாம் உலகப் போரில், 1943-ல், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஷ்வைன்ஃபுர்ட்டைத் தேடி வந்தன. அக்டோபர் 14 அன்று கிளம்பிய 291-ல் 60 திரும்பவில்லை. அதே எஸ்.கே.எஃப்.புக்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஆலை இருந்தது. அங்கே செய்த பேரிங் நேச நாடுகளின் பக்கத்துக்கு. பிரிட்டனோ ஸ்டாக்ஹோமிலிருந்து மாஸ்கிட்டோ விமானங்களில் பேரிங்குகளை இரவோடு இரவாக எடுத்துப் போனது.  

எங்கள் ஊருக்கு 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் மோட்டார் வரவர லைன் ஷாஃப்ட்டுகள் இறங்கின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒர்க்‌ஷாப்பில் லேத்துகளை ஓட்ட ஒன்று மட்டும் மிச்சம். அதையும் கழற்றினோம். குட்டையான ஷாஃப்ட்டும் இறுகிய உடம்பும் கொண்ட மோட்டாரில் சாய்வு ஏது? அங்கே டீப் குரூவ் போதும், விலையும் குறைவு.

ஆனாலும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் விசிறிகளில் விங்க்விஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். நீளமான ஷாஃப்ட், இரண்டு முனையிலும் பேரிங்கைத் தாங்கும் தனித்தனி பிளம்மர் பிளாக், நடுவில் கனத்த சக்கரம். ஃபவுண்டேஷன் ஒரு பக்கம் இறங்கினால் போதும், கதை அதேதான். புதிதாக வரும் பையன்கள், பேரிங்கை ஷாஃப்ட்டில் பிடித்து இறுக்கும் ஸ்லீவ் நட்டை ஸ்பேனரில் சுத்தியல் வைத்து அடித்து இறுக்குவார்கள். "தம்பி, அடிக்காதே, கையில் பிடித்துப் பார்" என்பேன். வெளி வளையம் தாராளமாகச் சுற்ற வேண்டும், சாய்த்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். சாயவே மாட்டேன் என்றால் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிட்டது. கழற்றி முதலிலிருந்து மாட்டு.