அண்டகத்துக்குள் ஈஸ்ட்ரோஜனின் ஆட்சி

1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்ஸியும், பன்றியின் அண்டநுண்பைகளிலிருந்து எடுத்த திரவத்தை அண்டகம் அகற்றப்பட்ட எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் யோனிச் சவ்வு பருவகாலத்துக்குரிய மாற்றங்களை மீண்டும் அடைவதைக் கண்டார்கள். அன்று முதல் ஈஸ்ட்ரோஜன் என்றால், அண்டகத்தில் பிறந்து, இரத்தத்தில் கலந்து, கருப்பை, ஸ்தனம், மூளை முதலிய வேறு அவயவங்களிலே சென்று காரியம் செய்யும் ஹார்மோன் என்ற அபிப்பிராயமே வேரூன்றிவிட்டது. 1932-ல் கார்ல் மூரும் டாரதி பிரைஸும், இனவிருத்தி உறுப்புகளின் ஹார்மோன்கள் பிட்யூட்டரியை அடக்கி, அதன் வழியே தம் உற்பத்தி ஸ்தானத்தையே கட்டுப்படுத்துகின்றன என்று நிறுவியபோதும், அந்த ஆட்சி வெளியே போய்த் திரும்பி வருவதாகவே கருதப்பட்டது. இது பிழையன்று, ஆயினும் முழுமையுமன்று. பிட்யூட்டரியின் துணையை வேண்டாமலே ஈஸ்ட்ரோஜன் தான் பிறக்கும் நுண்பையின் உற்பத்தியை நேரே நெறிப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு அடிப்படை, 1959-ல் ஸ்வீடனில் பெங்ட் ஃபால்க் செய்த ஓர் அழகிய பரிசோதனை. எலியின் கண்ணில், அதன் முன்னறையில், அண்டகச் செல்களை நட்டு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதா என்று அறிவதற்காக யோனிச் சவ்வின் சிறு துண்டு ஒன்றையும் பக்கத்திலேயே பதித்தார். நுண்பையின் உட்புறத்துக் கிரானுலோசா செல்களைத் தனியே வைத்தால் அச்சவ்வு மாறவில்லை. வெளியுறையாகிய தீக்காவின் செல்களைத் தனியே வைத்தாலும் மாறவில்லை. இரண்டையும் நெருங்கி இருக்கும்படி வைத்தபோதுதான் மாறியது. தீக்கா செல்கள் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். ஹார்மோனின் தூண்டுதலால் ஆண்ட்ரோஜனை உண்டாக்க, கிரானுலோசா செல்கள் அதே பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.எச். தூண்டும் அரோமடேஸ் என்ஸைமால் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன என்ற விளக்கம் பின்னர் உறுதிப்பட்டது.

இவ்விரு செல்களிடத்தும் ஈஸ்ட்ரோஜன் நேர்மாறான காரியங்களைச் செய்கிறது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கிரானுலோசா செல்கள் பெருகி அண்டகத்தின் எடை கூடுவதை 1940-லேயே கண்டிருக்கிறார்கள், அச்செல்களில் எஃப்.எஸ்.எச். விளைவிக்கும் அரோமடேஸையும் எல்.எச். ஏற்பிகளையும் அது மேலும் விருத்தியாக்குகிறது. தீக்காவிலோ அது ஆண்ட்ரோஜன் உற்பத்தியைத் தணிக்கிறது. அதாவது, தன் மூலப்பொருளின் வரவுக்கே வரம்பு கட்டுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஈஸ்ட்ரோஜனின் ஆல்ஃபா ஏற்பியை ஜீன் மட்டத்தில் நீக்கி 1993-ல் தோற்றுவித்த சுண்டெலிகளின் அண்டகத்தில் இரத்தம் கட்டிய நீர்க்கட்டிகள் தோன்றின; பெண் எலிகளின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆண் எலிகளின் அளவுக்கு ஏறியது. ஆனால் மூளையின் கட்டுப்பாடும் குலைந்துபோனதால் அவற்றில் எல்.எச். மிகுந்திருந்தது, ஆகவே இவ்விகாரங்கள் யாவும் எல்.எச். மிகுதியின் விளைவே என்று சொல்லிவிடலாம் அல்லவா? இதற்கு விடை கிடைத்தது, அவ்வெலிகளின் நுண்பைகளை உடலிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்துப் பார்த்தபோதுதான். பிட்யூட்டரியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத அந்த நிலையிலும் அவை இயல்பான நுண்பைகளைவிட அதிக ஆண்ட்ரோஜனைச் சுரந்தன. கட்டுப்பாடு நுண்பைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் அறியேன். ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு ஏற்பிகளையும் இழந்த சுண்டெலிகளை 1999-ல் ஆராய்ந்தபோது மற்றோர் அதிசயமும் வெளிப்பட்டது: வளர்ந்த பெண்ணெலியின் அண்டகத்தில் விரையின் செர்டோலி செல்களை ஒத்த செல்கள் உருவாகியிருந்தன. எனவே ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியின் அளவை மட்டுமன்றி, உற்பத்தி செய்யும் செல்லின் சுபாவத்தையே காத்து நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

எனினும் எலியில் கண்டதை எல்லாப் பாலூட்டிகளுக்கும் உரியதாக விதித்துவிடும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறவியிலேயே 17-ஆல்ஃபா-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற என்ஸைம் குன்றிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மிகச் சொற்பமாகவே சுரக்கிறது; அப்படியிருந்தும், அவர்களுக்கு வெளியிலிருந்து கோனடோட்ரோபின் (எல்.எச்., எஃப்.எஸ்.எச். வகை ஹார்மோன்) செலுத்தியபோது நுண்பைகள் வளர்ந்திருக்கின்றன. ஆகையால் நுண்பை பருப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் இன்றியமையாதது என்ற விதி மனித இனத்துக்கு அப்படியே பொருந்தாது.

அண்டம் வெளிப்பட்டபின் உருவாகும் கார்பஸ் லூட்டியத்திலோ இனத்துக்கு இனம் பேதம் இன்னும் பெரிது. செம்மறியாட்டில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் ஆக்ஸிடோசின் ஏற்பிகளைப் பெருக்கி, புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கச் செய்து, கார்பஸ் லூட்டியத்தின் அழிவுக்கு வழி செய்கிறது. பன்றியில் சினைப்பட்ட 11, 12-ஆம் நாட்களில் கருவே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், அதே புரோஸ்டாகிளாண்டினை இரத்தத்தில் சேரவிடாமல் கருப்பையின் உட்குழிக்குள் திருப்பி, கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுகிறது. ஒன்றில் அழிவும் மற்றொன்றில் பாதுகாப்புமாக முடிந்தாலும் இரண்டும் கருப்பையின் வழியே நிகழ்வன. அண்டகத்துக்குள் நிகழும் ஆட்சிக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவது முறையன்று. முயலின் நிலை வேறு. பிட்யூட்டரி நீக்கப்பட்ட முயலுக்கும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்து அதன் கார்பஸ் லூட்டியத்தை நிலைநிறுத்தலாம் என்று ராப்ஸன் 1930-களில் காட்டினார். அங்கே நுண்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே பக்கத்திலுள்ள கார்பஸ் லூட்டியத்தைப் புரோஜெஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. எலியின் நுண்பையோடு சேர்த்து வைத்து எண்ணத்தக்க சாட்சி அதுவே.