மூணு மாசத்துல ரோல்பேக் ஆன மருந்து

பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, பயாலஜியை பத்தாவதோட விட்டவன் நான். ஆனா இன்னைக்குச் சொல்லப்போற கதை எனக்கு நல்லாப் புரிஞ்சுது. காரணம், இதுல ஒரு ரிலீஸ் இருக்கு, ஒரு ரோல்பேக் இருக்கு.

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்னு ஒரு நோய். வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நம்ம நரம்புகளுக்கு மேல மயலின் என்ற உறை இருக்கு. இந்த நோயில் நம்ம உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூளைக்குள்ள போய் அந்த உறையைப் பிய்க்கும். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், சிலருக்கு நடையே போயிடும்.

லாரன்ஸ் ஸ்டெயின்மேன் காலேஜ்ல ஃபிசிக்ஸ் படிச்சவர். அப்புறம் ஹார்வர்டில் மருத்துவம் முடிச்சு, ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சிக்கு வந்தார். அவரும் டெட் யெட்னாக் என்ற விஞ்ஞானியும் இன்னும் சிலரும் சேர்ந்து கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: மூளையின் ரத்தநாளச் சுவர் அவ்வளவு இறுக்கமானதாச்சே, இந்த அணுக்கள் அதைத் தாண்டி எப்படி உள்ளே போகுது?

அவங்க செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. நோய் வந்த எலியின் மூளையை மெல்லிசா சீவி, அது மேல வெள்ளணுக்களை விட்டாங்க. வீங்கிய ரத்தநாளத்தில் அணுக்கள் போய் ஒட்டிக்கிச்சு. பிறகு ஒவ்வொரு ஆன்டிபாடியா சேர்த்து, எது அந்த ஒட்டலைத் தடுக்குதுன்னு பார்த்தாங்க. நாம ஒவ்வொரு வரியா கமென்ட் அவுட் பண்ணி பக் தேடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான். மாட்டினது ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற புரதம். அணு சுவரைப் பிடிச்சுக்கிற கை அது. அந்தக் கையைக் கட்டிப்போட்டதும் எலிகளுக்கு வாதம் வரல. 1992-ல் நேச்சர் இதழில் இது வெளியாச்சு.

எலியில் ஜெயிச்சது மனுஷங்ககிட்ட ஜெயிக்கணும்னு இல்லை. மயலின் புரதத்தின் ஒரு துண்டை மாத்தி எழுதி, அதையே மருந்தாக்கும் இன்னொரு முயற்சியிலும் ஸ்டெயின்மேன் இருந்தார். நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்ததால் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினாங்க.

ஆல்ஃபா-4 வழி மட்டும் கடைசி வரை போச்சு. நட்டாலிசுமாப், கடையில் டைசாப்ரி. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி. நோய் திரும்பத் தாக்குறது சுமார் மூணில் ரெண்டு பங்கு குறைஞ்சுது. 2005 பிப்ரவரியில் விற்பனையை நிறுத்தினாங்க.

என்ன ஆச்சு? ஜேசின்னு ஒரு வைரஸ் நம்மில் நிறைய பேர் உடம்பில் சும்மா தூங்கிட்டிருக்கு. மூளைக்குள்ள ரோந்து போற வெள்ளணுக்கள்தான் அதை அடக்கி வைக்கும். மருந்து வாசலை அடைச்சதும் ரோந்தும் நின்னுபோச்சு. மருந்து எடுத்த மூணு பேருக்கு பிஎம்எல் என்ற மூளைத் தொற்று வந்தது, அதில் ரெண்டு பேர் இறந்துட்டாங்க. இந்த வைரஸ் அழிக்கிறதும் மயலினை உண்டாக்கும் செல்களைத்தான். எந்த உறையைக் காப்பாத்த மருந்து எடுத்தாங்களோ, அதே உறை.

மருந்து எடுத்த சுமார் 3,000 பேரைப் பரிசோதிச்சதில், ஆபத்து ஆயிரத்தில் ஒருத்தருக்குன்னு கணக்கு வந்தது. 2006-ல் எஃப்டிஏ நடத்திய விசாரணையில் நோயாளிகளே வந்து, ஆபத்து தெரியும், இருந்தாலும் மருந்து வேணும்னு பேசினாங்க. இந்த இடத்தில்தான் நான் படிக்கிறதை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம்ம வேலையில் ரோல்பேக் பண்ணினா யூசர் சந்தோஷப்படுவார். இங்கே அப்படி இல்லை. அந்த ஜூனில் கடும் கண்காணிப்போட மருந்து திரும்ப வந்தது. பின்னாடி, ஜேசி வைரஸ் உள்ளவங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் வந்தது.

ஸ்டெயின்மேன் அதோட நிற்கல. 2022-ல் அவரும் வில்லியம் ராபின்சன் குழுவும் நேச்சரில் இன்னொரு கட்டுரை போட்டாங்க. எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஒரு புரதத் துண்டு, மூளையில் இருக்கும் கிளையல்கேம் புரதம் மாதிரியே இருக்கு. வைரஸுக்காக உருவான ஆன்டிபாடி ஆள் மாறி மூளையையும் பிடிக்குது. அணு எப்படி உள்ளே போகுதுன்னு 1992-ல் கேட்டவர், முப்பது வருஷம் கழிச்சு, உள்ளே போய் ஏன் அடிக்குதுங்கிற கேள்விக்கு வந்திருக்கார்.

அந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரிய கதை. அடுத்த எபிசோட்ல பேசலாம்.