தோளில் எத்தனை ஸ்டார்? நெஞ்சில் என்ன ரிப்பன்? போலீஸ் சீருடையைப் படிப்பது எப்படி?

குடியரசு தினம், சுதந்திர தினம், பொங்கல் வந்தால் போலீஸ் பதக்கப் பட்டியலும் வந்துவிடும். நூற்றுக்கணக்கான பெயர்கள், நீள நீளமான பதக்கப் பெயர்கள். பலரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்தப் பதக்கமும், தோளில் இருக்கும் ஸ்டாரும், சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையும் அழகுக்காக வைத்தவை இல்லை. நம் முன்னால் நிற்கும் போலீஸ்காரர் யார், அவருடைய பதவி என்ன, எதற்காக அரசு அவரைப் பாராட்டியது என்று யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்வதற்கான அடையாளங்கள் அவை. காக்கி போட்டுக்கொண்டு வீடியோ காலில் வந்து ஏமாற்றும் கும்பல்கள் பெருகிவிட்ட நேரத்தில், இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காக்கி எங்கிருந்து வந்தது?

'காக்' என்றால் பாரசீக மொழியில் மண், புழுதி. அதிலிருந்து வந்ததுதான் 'காக்கி'. இந்தச் சொல்லும் நிறமும் முதலில் ராணுவத்தோடுதான் சேர்ந்திருந்தன. 1846-ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய 'கைட்ஸ்' படைதான் காக்கிக்கு முன்னோடி. பளிச்சென்ற உடை எதிரிக்குத் தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும், புழுதி நிறம் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும் என்பதுதான் கணக்கு.

போலீஸ் அமைப்பு சட்டப்படி உருவானதும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான். சென்னை மாகாணத்துக்கு 1859-ல் மாவட்ட போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் இந்திய போலீஸ் சட்டம் வந்தது. போகப் போக காக்கியே போலீஸின் நிறம் என்றாகிவிட்டது. வெயிலிலும் புழுதியிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அழுக்கு சட்டென்று தெரியாத நிறம் வசதிதானே!

பழைய கறுப்பு-வெள்ளைத் தமிழ்ப் படங்களைப் பார்த்தால், கான்ஸ்டபிள்கள் கஞ்சி போட்டு விறைத்த அரைக்கால் சட்டையோடு வருவார்கள். பின்னர் அது முழுக்கால் சட்டையாக மாறியது.

எல்லா ஊரிலும் காக்கிதானா?

இல்லை. கொல்கத்தா மாநகர போலீஸ் இன்றும் வெள்ளைச் சீருடைதான். அதே மேற்கு வங்கத்தில் மாநில போலீஸ் அணிவது காக்கி. கடலோர நகரத்தின் புழுக்கத்துக்கு வெள்ளைதான் தோது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

நம்ம பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் கான்ஸ்டபிள்கள் தலையில் சிவப்பு நிற 'கெப்பி' தொப்பி இருக்கும். பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற அடையாளம் அது. சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்காமல் போவதில்லை.

இப்படி ஊருக்கு ஒரு மாதிரி இருப்பதற்குக் காரணம், அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் இருப்பதுதான். சீருடையை முடிவு செய்வது அந்தந்த மாநில அரசு. 2022 அக்டோபர் 28 அன்று ஹரியானாவின் சூரஜ்குண்டில் நடந்த மாநில உள்துறை அமைச்சர்கள் கூட்டத்தில், 'ஒரே நாடு, ஒரே சீருடை' என்ற யோசனையை பிரதமர் மோடி முன்வைத்தார். இதைத் திணிக்கவில்லை, யோசித்துப் பாருங்கள் என்றும் அப்போதே சொன்னார்.

தோளில் இருப்பதை எப்படிப் படிப்பது?

சுருக்கமாக இதுதான் கணக்கு:

• சட்டைக் கையில் ஆங்கில 'வி' வடிவப் பட்டைகள்: கான்ஸ்டபிளுக்கு மேலே, எஸ்.ஐ.க்குக் கீழே. மூன்று பட்டை இருந்தால் ஏட்டு, அதாவது தலைமைக் காவலர்.
• ரெண்டு ஸ்டார், கூடவே சிவப்பு-நீல ரிப்பன்: எஸ்.ஐ.
• மூணு ஸ்டார், கூடவே சிவப்பு-நீல ரிப்பன்: இன்ஸ்பெக்டர்.
• மூணு ஸ்டார், ரிப்பன் கிடையாது: டி.எஸ்.பி.
• தேசியச் சின்னமும் ஒரு ஸ்டாரும்: எஸ்.பி.
• தேசியச் சின்னமும் மூணு ஸ்டாரும்: டி.ஐ.ஜி.
• குறுக்காக வைத்த வாளும் கோலும், ஒரு ஸ்டார்: ஐ.ஜி.
• குறுக்காக வைத்த வாளும் கோலும், மேலே தேசியச் சின்னம்: ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி.

பலரும் குழம்புவது இன்ஸ்பெக்டரிலும் டி.எஸ்.பி.யிலும்தான். ரெண்டு பேருக்கும் மூணு ஸ்டார். தோள்பட்டையின் ஓரத்தில் அந்த ரிப்பன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்று தேசியச் சின்னம் இருக்கும் இடத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது. நாடு குடியரசானதும் கிரீடம் இறங்கி, அசோகர் தூணின் சிங்கங்கள் ஏறின.

பதக்கங்கள்: அன்றும் இன்றும்

பதக்கத்திலும் இதே மாற்றம் நடந்தது. 1909-ல் 'மன்னரின் போலீஸ் பதக்கம்' தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் பொதுவான அதில் மன்னரின் உருவம் இருந்தது. 1932-ல் இந்தியாவுக்கென்று 'இந்திய போலீஸ் பதக்கம்' வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1951 மார்ச் 1-ல் குடியரசுத் தலைவரின் பெயரில் புதிய பதக்கங்கள் உருவாயின.

வருஷங்கள் ஓட ஓட போலீஸுக்குத் தனி, தீயணைப்புக்குத் தனி, ஊர்க்காவல் படைக்குத் தனி, சிறைத்துறைக்குத் தனி என்று எண்ணிக்கை 16 ஆகிவிட்டது. இந்தக் குழப்பத்தைக் குறைக்க, 16 பதக்கங்களும் நான்காக இணைக்கப்பட்டு 2024 குடியரசு தினத்தில் நடைமுறைக்கு வந்தன. வீரத்துக்கு ரெண்டு: குடியரசுத் தலைவரின் வீரப் பதக்கம், வீரப் பதக்கம். சேவைக்கு ரெண்டு: குடியரசுத் தலைவரின் தகைசால் சேவைப் பதக்கம், பாராட்டத்தக்க சேவைப் பதக்கம்.

இதில் முதலாவது லேசில் கிடைக்காது. 2024 சுதந்திர தினத்தில் நாடு முழுவதும் ஒரே ஒருவருக்குத்தான் அது அறிவிக்கப்பட்டது. வாங்கியவர் பெரிய அதிகாரி இல்லை. தெலங்கானா தலைமைக் காவலர் சதுவு யாதையா. செயின் பறிப்பு ஆசாமிகளைப் பிடிக்கப் போன இடத்தில் கத்திக்குத்து வாங்கியும் பிடியை விடாதவர்.

தமிழ்நாடு அரசின் பதக்கங்கள் தனி. பொங்கலையொட்டி முதலமைச்சரின் காவல் பதக்கம், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டி முதலமைச்சரின் அண்ணா பதக்கம், மதுவிலக்குப் பணிக்காக குடியரசு தினத்தில் காந்தியடிகள் காவலர் பதக்கம். பொங்கல் பதக்கம் வாங்கும் காவலருக்கு மாதாந்திரப் பதக்கப்படியும் உண்டு. 2024 பொங்கல் அறிவிப்பில் அந்தத் தொகை 400 ரூபாய்.

பதக்கத்தை தினமும் குத்திக்கொண்டு வருவதில்லை. அணிவகுப்பு, விழா நாட்களில்தான் முழுப் பதக்கமும் நெஞ்சில் ஏறும். மற்ற நாட்களில் இடது பக்கச் சட்டைப் பைக்கு மேலே அதன் வண்ண ரிப்பன் பட்டை மட்டும் இருக்கும்.

கொடுத்த பதக்கத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியும். 2020 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகளோடு காரில் சென்றபோது கைதான ஒரு டி.எஸ்.பி.யிடமிருந்து, அவருக்கு வழங்கப்பட்ட மாநில வீரப் பதக்கம் பறிக்கப்பட்டது.

அதைவிட முக்கியமான கேள்வி, என்கவுன்ட்டர் செய்தவுடன் பதக்கம் கொடுக்கலாமா என்பது. கூடாது என்கிறது உச்ச நீதிமன்றம். பி.யு.சி.எல். வழக்கில் 2014 செப்டம்பர் 23-ல் வந்த தீர்ப்பு, சம்பவம் நடந்த சூட்டோடு வீர விருதோ முறை தாண்டிய பதவி உயர்வோ தரக் கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே பரிந்துரைக்க வேண்டும் என்று சொன்னது. உயிர் போன ஒரு சம்பவத்தை விசாரணை முடியும் முன்பே சாதனையாக்கிவிடக் கூடாது என்பதே இதன் சாரம்.

பெயர்ப் பட்டை ஏன் முக்கியம்?

ஸ்டாரை விட, பதக்கத்தை விட சாமானிய மக்களுக்கு உதவுவது சட்டையில் இருக்கும் பெயர்தான். கைது செய்யும் போலீஸார் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 36-வது பிரிவு, கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அதனால், 'உங்க பேர் என்ன சார்?' என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. மஃப்டியில் வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம்.

போலிச் சீருடை போட்டால்?

ஏமாற்றும் நோக்கத்தோடு அரசு ஊழியரின் சீருடையை அணிந்தால் பி.என்.எஸ். 205-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு ஊழியர் போல நடித்து அந்தப் பதவியின் பெயரில் எதையாவது செய்தால் 204-வது பிரிவு பாயும். அதற்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை.

வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கி, ஸ்டார், பின்னால் ஸ்டேஷன் போல ஒரு செட்டிங் எல்லாம் வைத்துக்கொண்டு 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் அனுப்பாமல் காலைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பணத்தை அனுப்பிவிட்டிருந்தாலும் தாமதிக்காமல் அதே எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும்.