ரூமு: கப்பலிலிருந்து விமானத்துக்கு வந்த சொல்

ரூமு என்பது ஒரு விமானம் செல்ல வேண்டிய திசையைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லாகும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 360 பாகை வரை இது எண்ணப்படும். பிரேசில் விமானிகள் இதனைப் 'புரோவா' என்பதோடு கலப்பதில்லை. புரோவா என்றால் கப்பலின் அணியம். விமானத்தில் அதன் மூக்கு நோக்கும் திசை. பக்கக்காற்று வீசும்போது ரூமு தவறாமல் செல்ல, காற்று வரும் பக்கமாக மூக்கைச் சற்றுத் திருப்ப வேண்டும். அப்போது இரண்டும் வெவ்வேறு எண்களாகிவிடும்.

சொல் கடலில் பிறந்தது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை புவிக்கோளத்தின்மீது வளைந்து செல்லும் என்பதைக் கணித அறிஞர் பெத்ரோ நூனெஸ் 1537இல் விளக்கினார். அப்பாதை 'ரூமுக் கோடு' எனப்பட்டது.

1922இல் போர்த்துகல் கடற்படை அதிகாரிகளான காகோ கூட்டினோவும் சகதூரா கப்ராலும் லிஸ்பனிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்குப் பறந்தனர். காற்று தங்களை எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை அறிய அவர்கள் கடலில் புகைக்குப்பிகளை வீசி, விலகல் கோணத்தை அளந்தனர். அதைக் கொண்டு மூக்கின் திசையைக் கணிக்க அவர்களே செய்த கருவியின் பெயர் 'ரூமு திருத்தி'. வழியில் மூன்று விமானங்கள் தேவைப்பட்டன; ஆனாலும் அட்லாண்டிக்கின் நடுவே கிடக்கும் சின்னஞ்சிறு புனித பேதுரு-பவுல் பாறைகளைத் தவறாமல் கண்டடைந்தது பெரிய சாதனையே.

கணக்கு சரியாக இருந்தும் எழுத்து காலை வாரிய நிகழ்வும் உண்டு. 1989 செப்டம்பர் 3 அன்று வாரிக் நிறுவனத்தின் 254ஆம் விமானம் பிரேசிலின் மராபாவிலிருந்து பெலேமுக்குப் புறப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். பயணத்திட்டத் தாளில் காந்த ரூமு '0270' என்று அச்சாகியிருந்தது. கடைசி இலக்கம் தசமம், அதாவது 27.0 பாகை, வடக்கு-வடகிழக்கு. முன்பு மூன்று இலக்கங்களே இருந்ததால் தலைமை விமானி அதை 270 என்று படித்து, நேர் மேற்கே திருப்பினார். துணை விமானி தாளைப் பார்க்காமல் அவர் வைத்த எண்ணையே தம் கருவியிலும் வைத்தார். எரிபொருள் தீர்ந்த விமானம் இரவில் மாட்டோ குரோசோ காட்டுக்குள் விழுந்தது. அதிலிருந்த 54 பேரில் பெரும்பாலோர் பிழைத்தனர். சிலர் காட்டு வழியே நடந்து ஒரு பண்ணையை அடைந்த பிறகே மீட்பு வந்தது.

அது மாலை நேரம். பெலேமுக்குச் செல்லும் விமானத்தில் மறையும் சூரியன் இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும்; அன்று அது நேர் எதிரே இருந்தது.