உடைத்தால் போச்சு!

பூல் ஆட்டத்தை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். முக்கோணமாக அடுக்கி வைத்த பந்துகள். ஒருவர் குனிந்து, ஓங்கி ஒரு இடி. பந்துகள் நாலா பக்கமும் சிதறும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த 'ஸ்ட்ரெய்ட் பூல்' ஆட்டத்தில் அப்படி இடித்தால் ஆள் காலி. யார் முதலில் அடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கிடைத்தவர், "நீங்களே ஆரம்பிங்க" என்று எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். மரியாதை எல்லாம் இல்லை, சுத்தமான தந்திரம்!

எந்தப் பந்து, எந்தக் குழி என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். பந்துக்கு ஒரு பாயின்ட். தவறும்வரை அவரேதான் ஆடுவார். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நெருக்கி அடுக்கிய 15 பந்துகளில் 'இது நிச்சயம் விழும்' என்று எதைச் சொல்வது? சிதறடித்தால் எதிராளிக்கு விருந்து. சும்மா தொட்டுவிட்டு நழுவவும் முடியாது. சொன்ன பந்து விழாவிட்டால், வெள்ளைப் பந்தும் வேறு இரண்டு பந்துகளாவது மேஜையின் ஓரத்தில் போய் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் 2 பாயின்ட் அபராதம். எதிராளி விரும்பினால், 'மறுபடி அடி' என்றும் சொல்லலாம்.

அதனால் கெட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? கடைசி வரிசையின் மூலைப் பந்தை லேசாக உரசுவார்கள். இரண்டு பந்துகள் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கூட்டத்துக்கே திரும்பும். வெள்ளைப் பந்து மேஜையைச் சுற்றிவந்து மறுகோடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து எதிராளி என்னத்தை அடிப்பார்?

அந்தக் காலத்தில் 15 பந்தும் தீர்ந்ததும், மறுபடி அடுக்கி மறுபடி உடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் இதே பதுங்கல். ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. 1910-ல் ஜெரோம் கியோ என்கிற சாம்பியன் ஒரு வழி சொன்னார். கடைசிப் பந்தை மேஜையிலேயே விட்டுவிட்டு, மற்ற 14-ஐ மட்டும் அடுக்குங்கள். அந்த ஒற்றைப் பந்தைக் குழியில் போட்டுக்கொண்டே, அதே அடியில் வெள்ளைப் பந்தால் கூட்டத்தையும் கலைக்கலாம்.

அவ்வளவுதான். பதுங்கியவர்கள் பாய ஆரம்பித்தார்கள். ஆனால், கியோவின் வைத்தியம் இரண்டாவது அடுக்கிலிருந்துதான் வேலை செய்யும். முதல் அடுக்கு? அதே பழைய பயம்தான்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு கண்காட்சி ஆட்டம். இலக்கு 200. ஒரு பக்கம் உலக சாம்பியன் வில்லி மாஸ்கோனி. எதிரே உள்ளூர் அமெச்சூர் ஒருவர். அவர் மூன்று பந்துகளைப் போட்டார். பிறகு தவறவிட்டார். மாஸ்கோனி எழுந்தார். 200 தாண்டியும் நிறுத்தவில்லை. தொடர்ந்து 526 பந்துகள்! 2019-ல் ஜான் ஷ்மிட் 626 போடும்வரை அந்தச் சாதனைதான் எல்லோருக்கும் அளவுகோல்.

மாஸ்கோனிக்கு அன்று ஆனது 2 மணி 10 நிமிடம். அந்த அமெச்சூருக்கு, நாற்காலியில்!