அம்மன் காசு ஊரில் நாலு பந்தயக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு 20 சேர்ந்தால் ஓர் அணா. அதாவது ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்த காசு அது. அதைச் சுருக்குப் பையில் எண்ணி வைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் ஆளுக்கு மூன்று, நாலு பந்தயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் சொன்னார்: "சார், இது சூதாட்டம் இல்லை. மொத்தம் 20,000 ரூபாய். நாலு ஆப்ல 5,000 வீதம். ஒரு மேட்ச்சுக்கு 2 சதவீதத்துக்கு மேல போடமாட்டேன். எல்லாத்துக்கும் எக்ஸெல் இருக்கு."

கணக்கு வாத்தியாரிடமே கணக்கு! ஆனால் இந்த வாதம் புதிதல்ல.

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயம் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தில் சேர்த்து 1949-இல் சட்டம் திருத்தினார்கள். அது அமலுக்கு வந்ததோ 1975-இல். கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள 1986-இல் இன்னொரு சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது.

நம் இளைஞர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சட்டத்தின் கேள்விக்குப் பதில். பர்ஸின் கேள்விக்கு அது பதில் இல்லை.

பர்ஸின் கேள்விக்கு 1956-இல் பதில் சொன்னவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கெல்லி. கையிருப்பில் எத்தனை பங்கைப் பந்தயத்தில் வைக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 'பேங்க்ரோல்' பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் அது. ஆனால் அந்தச் சூத்திரத்தின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை: உனக்குச் சாதகம் இல்லாத பந்தயத்தில் வைக்க வேண்டிய தொகை பூஜ்யம்.

சாதகம் யாருக்கு? இரு அணிகளும் சமபலம் என்று வையுங்கள். ஆப்பில் இரண்டுக்குமே 1.90 என்று இருக்கும். ஒருவர் இந்த அணிமேல் 1,000, இன்னொருவர் அந்த அணிமேல் 1,000. உள்ளே போனது 2,000. ஜெயித்தவருக்கு வருவது 1,900. நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிறுவனத்துக்கு. யார் ஜெயித்தாலும் அதுதான்.

20,000 ரூபாயைப் பத்துச் சுற்று சுழற்றினால் போட்ட பந்தயம் மொத்தம் 2 லட்சம். சராசரியாகப் போவது 10,000. கண்மாய்க்கு நாலு மடை வைத்தால் தண்ணீர் கூடுமா? நாலு கணக்கும் அப்படித்தான். 2 சதவீத ஒழுங்கு கரையை மெதுவாக அரிக்கவிடும், அரிப்பை நிறுத்தாது. இன்னொன்று: பணத்தை நாலு இடத்தில் பிரித்து வைத்தால், மொத்தம் எவ்வளவு போனது என்பது வீட்டாருக்கு மட்டுமல்ல, போட்டவருக்கே தெரிவதில்லை.

உண்மையிலேயே திறமையால் தொடர்ந்து ஜெயிக்கும் சிலருக்கு? பல நிறுவனங்கள் அவர்களின் பந்தய வரம்பைச் சுருக்கிவிடும். தோற்பவருக்கு அந்தத் தடை கிடையாது!

தமிழ்நாட்டில் லாட்டரி 1968-இல் அரசே தொடங்கியது. 2003 ஜனவரியில் அரசே நிறுத்தியது. இணையச் சூதாட்டத் தடைக்கான 2021 சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதியரசர் சந்துரு குழு, 2022 மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதன்படி ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தளங்கள். போட்ட பணம் திரும்பாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

பெற்றோர்களே, திட்டாதீர்கள். திட்டினால் ஐந்தாவது கணக்கு ரகசியமாகத் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, போனதையும் வந்ததையும் ஒரே தாளில் கூட்டச் சொல்லுங்கள். கடன் ஆப் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

திருக்குறளில் 94-ஆவது அதிகாரம் சூது. அடுத்தது மருந்து. நம் காலத்து மருந்துக்கு ஓர் எண் இருக்கிறது: 14416, அரசின் இலவச மனநல உதவி. தமிழிலேயே பேசலாம்.

தேவைப்படும் ஒரு வீட்டுக்காவது இது போய்ச் சேரட்டும். பகிருங்கள்.